கப்பித்தான் முதல் கவுன்சிலர் வரை: கடைத்தெருவின் குரல் யாரிடம் இருந்தது?

லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் மூன்று காகிதங்களைப் பற்றிச் சொல்வார். ஒன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வியாபார லைசென்ஸ். இரண்டு, ஆண்டுக்கு இருமுறை வரும் மதிப்பீட்டு வரி பில். மூன்று, பெயர்ப் பலகைக்கான அனுமதி. வடிகால் அடைத்துக்கொண்டாலும், அஞ்சடியில் சாமான் வைத்ததற்கு அபராதம் வந்தாலும், விளக்குக் கம்பம் எரியாமல் நின்றாலும் நாம் போய் நிற்பது ஒரே வாசலில்தான். நாட்டை ஆள்வது நாடாளுமன்றம் என்றாலும், நம் தெருவை ஆள்வது ஊராட்சி மன்றம்.

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் பெரியவர்களின் பெயர்களையும் கட்டிய கட்டடங்களையும் நினைவுகூர்வது முறை. அதனுடன் இன்னொரு வரலாற்றையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் தெருவின் குறைகளை யார் கேட்டார்கள்? நம் சார்பில் யார் பேசினார்கள்? அந்த உரிமை எப்படி எப்படியெல்லாம் கைமாறியது? இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட கதை இது.

கப்பித்தான் காலம்

1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றியபோதே சோழமண்டலக் கரையைச் சேர்ந்த சூலியா வணிகர்களுக்குக் கடாவும் இந்தக் கடலும் பழகிய இடங்கள். 1794-இல் லைட் எழுதிய குறிப்பில், இங்கே குடியிருந்த சூலியாக்கள் சுமார் ஆயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார். கடைக்காரர்களும் கூலிகளும் அவர்களில் இருந்தார்கள். இதைத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் கப்பலில் வந்து சில மாதம் உழைத்துச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் தனி.

இப்படிப் பலவகை மக்கள் கூடிய ஊரில், கம்பெனி அரசாங்கம் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்துக்கொண்டது. 1801-இல் துணை கவர்னர் சர் ஜார்ஜ் லீத், காதர் மைதீன் அவர்களைக் ‘கப்பித்தான் கிளிங்’ ஆக நியமித்தார். பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலமும் ஒதுக்கப்பட்டது. இன்று நாம் தொழும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்த நிலத்தில் எழுந்தது. சில ஆண்டுகளில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா ஷரீஃபும் எழுந்தது.

கப்பித்தானின் வேலை பள்ளிவாசலோடு முடியவில்லை. சண்டை சச்சரவைத் தீர்ப்பது, வந்திறங்கியவர்களுக்கு வழிகாட்டுவது, அரசாங்கத்தின் உத்தரவை நம் மக்களுக்குச் சொல்வது, நம் மக்களின் குறையை அரசாங்கத்துக்குச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் நம்மவர், ஆனால் நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். மேலே இருந்தவர்கள் நியமித்தவர். நல்லவர் வாய்த்தால் நல்லது நடக்கும். வாய்க்காவிட்டால் கேட்க வழியில்லை. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

வரி வந்தது, வாக்கு வந்தது

ஏறத்தாழ இதே நேரத்தில், 1800-இல், ஜார்ஜ்டவுனுக்கு மதிப்பீட்டாளர் குழு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வீடுகளையும் கடைகளையும் மதிப்பிட்டு வரி வாங்கி, அந்தப் பணத்தில் சாலையும் வடிகாலும் அமைப்பது அதன் வேலை. மலாயாவில் ஊராட்சி என்பதன் முதல் வித்து இது. இன்று நம் வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி பில்லுக்கு வயது இருநூறுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

1857-இல் நகராண்மைக் கமிஷன் அமைந்தது. ஐந்து கமிஷனர்களில் மூவரை வரி செலுத்துவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. எல்லாருக்கும் வாக்கு இல்லை. குறிப்பிட்ட அளவு வரி கட்டிய பிரிட்டிஷ் பிரஜைகளான ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கும், ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் ‘வரி கொடுப்பவன் கேள்வி கேட்கலாம்’ என்ற எண்ணம் இந்த ஊரில் அப்போதே வேர்விட்டது.

நகராண்மையின் கை நம் வாழ்க்கையில் பட்டது அஞ்சடியில்தான். கடை வீடுகளின் முன்னால் பொது நடைபாதை விட வேண்டும் என்பது விதி. நம் மக்களுக்கோ அந்த அஞ்சடியே பிழைப்பு. வெற்றிலை பாக்குக் கடை, பத்திரிகைக் கடை, பணம் மாற்றும் பெட்டி என்று அங்கேதான் பலர் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நடப்பவருக்கு வழி வேண்டும். விற்பவருக்கு இடம் வேண்டும். 1888-இல் சிங்கப்பூரில் நகராண்மை அஞ்சடிகளைக் காலி செய்யச் சொன்னபோது கடைகள் அடைக்கப்பட்டு, கலவரமே மூண்டது. அந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. கடைத்தெருவில் மாலை நேரத்தில் நடந்து பார்த்தால் தெரியும்.

வக்ஃபு நிலங்களின் கதையும் இதில் சேரும். பள்ளிவாசல் சொத்துகள் சரியாக நிர்வகிக்கப்படவில்லை என்ற புகார்கள் எழுந்தன. 1905-இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டு முஸ்லிம், இந்து அறநிலைய வாரியத்தை அரசாங்கம் அமைத்தது. கப்பித்தான் பள்ளிவாசலின் வக்ஃபு அதன் பொறுப்புக்குப் போனது. கணக்கு வழக்கு ஒழுங்குபட்டது உண்மை. பள்ளியைச் சுற்றியிருந்த நிலத்தைப் பற்றிய முடிவுகள் நம் மஹல்லாவை விட்டு அரசாங்க மேசைக்கு நகர்ந்ததும் உண்மை. நமக்குள் கணக்குச் சுத்தமாக இல்லாவிட்டால் அதிகாரம் வெளியே போகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

1913-இல் நகராண்மைத் தேர்தலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு எல்லாக் கமிஷனர்களும் நியமனம்தான். இப்படியே 38 ஆண்டுகள் கழிந்தன.

பதினான்கு ஆண்டுகள்

1951 டிசம்பர் 1 மலாயா வரலாற்றில் முக்கியமான நாள். நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்பே, 1955 பொதுத்தேர்தலுக்கும் முன்பே, ஜார்ஜ்டவுன் மக்கள் நகராண்மைக் கழகத்துக்கு வாக்களித்தார்கள். மலாயாவில் இத்தகைய தேர்தல் நடந்த முதல் ஊர் நம் ஊர். கோலாலம்பூர் அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வாக்களித்தது. தஞ்சோங், கிளாவாய், ஜெலுத்தோங் என்று மூன்று தொகுதிகள். 15 உறுப்பினர்களில் 9 பேர் தேர்தலில் வந்தவர்கள். டாக்டர் லிம் சோங் இயூ தலைமை தாங்கிய ரேடிகல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. சில ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே முழு மன்றமும் என்ற நிலை வந்தது.

1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரமானது. முதல் மேயர் ஜி. எச். கோ. அவருக்கு அடுத்து 1958-இல் மேயர் ஆனவர் டி. எஸ். இராமநாதன். ஆசிரியராக இருந்தவர், தொழிற்கட்சிக்காரர், தமிழர். இந்தத் தீவின் மாநகர் மன்றத்துக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கினார் என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? ஸ்காட் ரோடு என்றிருந்த சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுத்த முறை அந்த வழியே போகும்போது பிள்ளைகளுக்குப் பலகையைக் காட்டுங்கள்.

அந்த மன்றம் குப்பை அள்ளுவதோடு நிற்கவில்லை. மின்சாரம், குடிநீர், நகரப் பேருந்து எல்லாம் மன்றத்தின் கையில் இருந்தன. 1962-இல் திறக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணை அந்தக் காலத்து மன்றத்தின் வேலை. சௌராஸ்தா சந்தையில் கடை வைத்திருந்தவருக்கும், தள்ளுவண்டி லைசென்ஸ் கேட்டவருக்கும், நாசி கண்டார் வியாபாரிக்கும் போய்க் கேட்க ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளுக்கு அடுத்த தேர்தலில் இவர்களுடைய வாக்கு தேவைப்பட்டது. இந்த ஒரு காரணத்தால் அவர் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

கதவு மூடியது

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மறு ஆண்டு, நிர்வாகச் சீர்கேடு என்ற குற்றச்சாட்டின் பேரில், ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1951-இல் திறந்த கதவு பதினான்கே ஆண்டுகளில் மூடிக்கொண்டது.

ஊராட்சி மன்றங்களை எப்படி நடத்துவது என்று ஆராய அரசாங்கம் அரச ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அவரும் தமிழரே. 1968-இல் முடிந்த அந்த அறிக்கை, ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1974-இல் ஜார்ஜ்டவுன் மன்றமும் தீவின் புறநகர் மன்றமும் இணைந்து பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் உருவாயிற்று. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. மாநில அரசாங்கம் உறுப்பினர்களை நியமிக்கும். எண்ணிக்கை 24-க்கு மேல் போகாது. ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேற்படாது. சுருங்கச் சொன்னால், கப்பித்தான் காலத்து முறைக்கே திரும்பி வந்தோம்.

2012-இல் பினாங்கு மாநிலச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலை மீண்டும் நடத்தத் தனிச்சட்டம் இயற்றியது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் நகராண்மைக் கழகம் பினாங்குத் தீவு மாநகர் மன்றமாக உயர்ந்தது. அதன் முதல் மேயராகப் பத்தாஹியா இஸ்மாயில் என்ற பெண்மணி பொறுப்பேற்றார். பெருமைக்குரிய செய்திதான். வாக்குச் சீட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

சங்கம் செய்த வேலை

வாக்கு இல்லாத காலத்தில்தான் நம்முடையதைப் போன்ற சங்கங்களின் அருமை தெரிகிறது. நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டும் நியமன மன்றத்தின் காலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. தமிழ் மட்டும் தெரிந்த கடைக்காரருக்கு மலாயில் மனு எழுதிக் கொடுத்ததும், லைசென்ஸ் புதுப்பிக்கத் துணைக்குப் போனதும், கந்தூரி, பெருநாள் நாட்களில் தெருவை மூட அனுமதி கேட்டதும் பெரிய வரலாறாகத் தோன்றாமல் இருக்கலாம். கேட்க ஆளில்லாத இடத்தில் கேட்டதே வரலாறு.

எல்லாவற்றையும் தடுக்க முடிந்ததா? இல்லை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் முற்றிலும் செயலற்றுப் போனது. மாடியில் குடியிருப்பு, கீழே கடை என்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் வாடகை தாங்காமல் தீவின் மற்ற பகுதிகளுக்கும், கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கும் போய்விட்டன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமை நகரமாக அறிவித்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அவற்றுக்குள் வாழ்ந்தவர்கள் பலர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்பதற்கு விதி உண்டு. அந்தச் சுவருக்குள் யார் குடியிருக்கலாம் என்பதற்கு வாடகை மட்டுமே விதி. இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் பாதிக்கு இது சொந்தக் கதையாகவே இருக்கும்.

இனி என்ன?

ஊரிலுள்ள நம் உறவினர்களைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கூத்தாநல்லூரிலும் நம் மச்சான்மாரும் மாமிமாரும் தங்கள் வார்டு கவுன்சிலருக்கு வாக்களித்தார்கள். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். குடிநீர் வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு அந்தக் கதவு இல்லை. ஆனால் சட்டம் விட்டுவைத்த சில சன்னல்கள் இருக்கின்றன. மன்றத்தின் முழுக்கூட்டம், மன்றம் வேறு தீர்மானம் செய்யாதவரை, பொதுமக்களுக்குத் திறந்தது; யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். புதிய வரி மதிப்பீடு வரும்போது, பரிசீலனைக்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பகுதித் திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்தும் எதிர்ப்பும் கொடுக்கலாம். இவற்றை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்? கடையில் நின்று குறை சொல்வது எளிது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய நகலை வாங்கி வைப்பது சிரமம். நம் முன்னோர் அந்தச் சிரமத்தைப் பட்டார்கள்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்குச் சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கலாம். சட்டமும் மலாயும் படித்த நம் இளைஞர்களில் சிலர் மன்றத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்து, தமிழில் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். குடும்பப் பெண்கள் மனுக்குழுவில் இருக்க வேண்டும். வடிகாலும் தண்ணீரும் பள்ளிக்கூடப் பாதையும் அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. கொடுத்த ஒவ்வொரு மனுவின் நகலும், வந்த பதிலும், வராத பதிலும் சங்கத்தின் அலமாரியில் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஊராட்சித் தேர்தல் ஒருநாள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். 1913-இல் மூடியது 1951-இல் திறந்தது என்பதை இந்த ஊர் ஏற்கெனவே கண்டிருக்கிறது. வரும் நாளில், என்ன கேட்பது என்று தெரிந்த சமூகமாக நாம் இருக்க வேண்டும். அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.