கொழும்புத் தமிழரும் சாப்பாட்டுக் கடைகளும்
- ஒரு சமூக வரலாற்று நோக்கு -

புதிய நகரொன்றை வந்தடையும் மனிதன் முதலில் தேடுவது படுக்க ஓரிடம். அடுத்துத் தேடுவது உண்ண ஒரு பிடி சோறு. அந்தச் சோறும் வெறும் வயிற்றை நிரப்புவதாக மட்டும் இருத்தல் போதாது. அவன் நாவுக்குப் பழகியதாகவும், அவன் சமயமும் வழக்கமும் ஏற்பதாகவும், அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியானதாகவும் இருத்தல் வேண்டும். இலங்கைத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் சட்டசபையையும் தேர்தல்களையும் ஒப்பந்தங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால், வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்த பல்லாயிரம் இளைஞர் எங்கே உண்டனர், எக்கடையில் அரிசியும் தூளும் வாங்கினர், அக்கடைக்கு எவ்வாறு வழி கண்டனர் என்னும் வினாக்கள் அற்பமானவையாகவே கருதப்பட்டு வந்துள்ளன. இவ்வினாக்களுக்கு விடை தேடின், ஒரு சமூகம் அந்நிய நகரொன்றிலே தன்னை நிலைநிறுத்திக்கொண்ட வரலாறும், அந்நிலை மீண்டும் மீண்டும் குலைக்கப்பட்ட வரலாறும் ஒருங்கே புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொழும்பு பெருநகராக வளர்ந்தது. 1885இல் தென்மேற்கு அலைதடுப்பணை பூர்த்தியானதைத் தொடர்ந்து கொழும்புத் துறைமுகம் காலியின் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டது. 1881இல் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் அளவில் இருந்த நகரின் சனத்தொகை 1911இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. நிர்வாகத் திணைக்களங்களுக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கும் ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்திலோ, 1816இல் வந்த அமெரிக்க மிசனும் ஏனைய மிசன்களும் தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்வி, பின்னர் சைவப் பாடசாலைகளாலும் வளர்க்கப்பட்டு, நிலத்தாற் போதிய வருவாய் பெறமுடியாத குடும்பங்களின் பிள்ளைகளை உத்தியோகத்துக்குத் தயார் செய்திருந்தது. 'கோழி மேய்த்தாலும் கவண்மேந்தில் மேய்க்கவேண்டும்' என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி அக்காலத்து மனநிலையின் சுருக்கமாகும். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை பூர்த்தியானபோது, கடல்வழியாகவோ வன்னிக் காட்டினூடாகவோ பல நாட்கள் சென்ற பயணம் ஒரு நாளுக்குட் சுருங்கியது. கொழும்பு தூரதேசம் என்னும் நிலை மாறிற்று.

தூரம் குறைந்ததேயன்றி உணவின் வேறுபாடு குறையவில்லை. புழுங்கலரிசிச் சோறும், வறுத்தரைத்த மிளகாய்த்தூளிட்ட குழம்பும், நல்லெண்ணெயும், ஒடியல்மாவும், பனங்கட்டியும் யாழ்ப்பாணத்தானின் உணவுலகு. அவ்வுணவு வீட்டிலே பெண்களின் உழைப்பினால் ஆக்கப்பட்டது. சோற்றை விலைக்கு வாங்கி உண்ணுதல் கிராமத்தில் அரிது. ஆகவே, கொழும்பில் இறங்கிய இளைஞன் தாயின் சமையலை மட்டுமன்றி, அச்சமையலைத் தாங்கிநின்ற குடும்ப அமைப்பையே இழந்தவனானான். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் மச்சம் தவிர்த்து வளர்ந்தவனுக்கு, சைவமும் மச்சமும் ஒரே அகப்பையிற் புழங்கும் கடையிற் கைநனைப்பது இலகுவாக இருந்திருக்க முடியாது.

இவ்விடர்ப்பாட்டுக்கு அவர்கள் கண்ட முதலாவது தீர்வு கூட்டு வாழ்க்கையாகும். உத்தியோகத்தர் பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து சமையற்காரன் ஒருவனை அழைத்து, செலவை மாதமுடிவிற் பங்கிட்டுக்கொண்டனர். 'சம்மறி' என வழங்கிய இவ்வேற்பாடு பெரும்பாலும் உறவினராலும் ஒரே ஊரவராலும் அமைந்தது. புதிதாக வருபவன் கையில் ஒரு கடிதத்துடன் வந்து அங்கே சேர்ந்துகொள்வான். எந்தத் தெருவில் நல்ல கத்தரிக்காய் கிடைக்கும், எந்தக் கடைக்காரன் நிறுவையிற் குறைக்கமாட்டான், சம்பளத்துக்கு முந்திய வாரத்திலே கடன் தருபவன் யார் என்பனவெல்லாம் அங்கே வாய்மொழியாகவே கைமாறின. ஊரிலிருந்து திரும்புவோர் கொண்டுவரும் தூளும் எள்ளுருண்டையும் பினாட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் சம்மறியின் பொதுச்சொத்தாயின. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி பயணிகளோடு இத்தகைய பொதிகளையும் சுமந்தது.

இரண்டாவது தீர்வு, நகரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த பிறருடைய வணிகத்தைச் சார்ந்துகொள்வதாகும். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டித்தொழிலும் அரிசி இறக்குமதியும் நடத்தினர். அவர்கள் இறக்கிய பர்மிய அரிசி நகரின் உலைகளிற் பெரும்பங்கை வகித்தது. அத்தெருவின் கதிரேசன் ஆலயங்களும், அங்கிருந்து பம்பலப்பிட்டி நோக்கிச் செல்லும் ஆடிவேல் விழாவும் தமிழ் பேசும் சைவர் அனைவரையும் ஒன்றுகூட்டின. தென்னிந்தியர் நடத்திய சைவக் கடைகளில் இட்டலியும் தோசையும் சாம்பாரும் கிடைத்தன. முஸ்லிம்களின் உணவுச்சாலைகளும் மலையாளிகளின் தேநீர்க் கடைகளும் மலிவான உணவை விடிகாலை தொடக்கம் வழங்கின. யாழ்ப்பாணத்தவர் இக்கடைகளிற் பழகியபோது அவர்களின் உணவுப்பழக்கமும் விரிவடைந்தது. கொழும்புத் தமிழரின் உணவு எனப் பின்னர் அறியப்பட்டது பலருடைய கலப்பினால் உருவானதேயன்றி யாழ்ப்பாணத்தின் நேர்ப்பிரதியன்று.

மூன்றாவதாக, யாழ்ப்பாணத்தவரே வணிகராயினர். இவ்விடயத்தில் தீவுப்பகுதியினரின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. புங்குடுதீவு, காரைநகர், வேலணை முதலிய இடங்களின் மண்வளமும் நீர்வளமும் பெரும் பயிர்ச்செய்கைக்கு இடங்கொடாமையால், அங்குள்ளோர் கடலைக் கடந்து வணிகத்தை நாடினர். சுருட்டுக் கடைகளாகத் தொடங்கிய அவர்களின் முயற்சி, கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறுநகரங்களிலும் பலசரக்குக் கடைகளாகவும் சாப்பாட்டுக் கடைகளாகவும் பெருகிற்று. இக்கடை பண்டம் விற்கும் இடம் மட்டுமன்று. ஊர்க் கடிதம் வந்துசேரும் முகவரியும், பணம் அனுப்பும் வழியும், வேலை விசாரிக்கும் நிலையமும் அதுவே. மாதக் கணக்குக் கொப்பியில் எழுதப்பட்ட கடன், முதலாளிக்கும் வாடிக்கையாளனுக்கும் இடையிலான நம்பிக்கையின் ஆவணமாக இருந்தது. நல்ல கடை எது என்பதற்கு அக்காலத்து அளவுகோல் சுவை மட்டுமன்று. இடருற்ற வேளையில் முகம் திருப்பாத கடையே நல்ல கடை.

எனினும், இவ்வமைப்பை மெருகூட்டிக் காட்டுதல் வரலாறாகாது. ஊரையும் உறவையும் அடிப்படையாகக் கொண்ட இவ்வமைப்பு, அவ்வட்டத்துக்கு வெளியே நின்றோருக்குக் கதவடைத்தது. சாதி பார்த்தே சமையற்காரனைத் தெரிந்த சம்மறியில், ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த உத்தியோகத்தனுக்கு இடம் கிடைப்பது அரிது. மறுபுறத்தில், நகரின் பொது உணவுக் கடை சாதி கேட்கவில்லை. வாங்கில் அருகருகே அமர்ந்தோர் ஒருவர் பிறப்பை மற்றவர் அறியார். அறிந்தாலும் எழுந்துபோக நேரமில்லை. யாழ்ப்பாணத்தின் தேநீர்க் கடைகளிலோ நிலை வேறு. அங்கே வெளியில் நிறுத்தப்பட்டும் வேறு பாத்திரத்திற் பரிமாறப்பட்டும் அவமதிக்கப்பட்ட மக்கள், சம ஆசனமும் சம போசனமும் கோரிப் போராடவேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்த பின்னரே பல திறந்தன. கொழும்பிற் கூச்சமின்றிப் பொது வாங்கில் உண்டவர் சிலர், விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் பழைய வரம்பைக் காத்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

கடைகளை இயக்கிய உழைப்பையும் நோக்குதல் வேண்டும். அடுப்படியிலும் மேசை துடைப்பதிலும் ஈடுபட்டோரில் ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைச் சிறுவர்களும், மலையகத் தோட்டங்களின் வறுமையிலிருந்து வந்த இளைஞர்களும் பலராவர். கடை பூட்டியபின் மேசைகளே அவர்களுக்குக் கட்டில்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்த போதிலும், முதலாளியை 'மாமா' என்றும் 'அண்ணை' என்றும் அழைக்கும் உறவில் உரிமை கோருதல் எளிதன்று. வாடிக்கையாளனுக்குத் தாய்வீடாகத் தோன்றிய கடை, தொழிலாளிக்கு அவ்வாறு தோன்றியிருக்க வேண்டிய அவசியமில்லை.

நகரின் உணவு அரசியலோடு பிணைந்தது என்பதை 1930களும் 1940களும் உணர்த்தின. உலகப் பொருளாதார மந்தத்தின் பின்னர் வேலையின்மை பெருகவே, ஏ. ஈ. குணசிங்க முதலியோரின் தலைமையில் மலையாளிகளுக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தது. மலையாளியின் தேநீர்க் கடையைப் பகிஷ்கரிக்குமாறு கோரப்பட்டது. 1939இல் அரசாங்க சேவையிலிருந்த இந்திய நாட்கூலித் தொழிலாளரை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. நேற்றுவரை அனைவருக்கும் தேநீர் ஆற்றியவன் ஒரே நாளில் அந்நியனாக்கப்படலாம் என்ற பாடத்தை அந்நிகழ்வுகள் கற்பித்தன. அப்பாடத்தை அன்று தமக்குரியதாக யாழ்ப்பாணத்தவர் கொள்ளவில்லை. 1942 ஏப்ரில் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின; பர்மா வீழ்ந்தமையால் அரிசி வரவும் தடைப்பட்டது. பங்கீட்டு முறை வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. கோதுமை மாவும் பாணும் சோறுண்ட மக்களின் நாளாந்த உணவில் நிலைபெற்றன.

சுதந்திரத்தின் பின்னர் உத்தியோகத்தர் மனைவி மக்களுடன் குடியேறத் தொடங்கினர். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் தமிழர் செறிந்த பகுதிகளாயின. சம்மறியின் இடத்தை வீடு பெற்றது. ஆண்கள் மட்டும் அறிந்திருந்த சந்தையைப் பெண்களும் அறிந்தனர். முருங்கைக்காயும் ஒடியல்மாவும் வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்தன. பம்பலப்பிட்டியின் கிறீன்லண்ட்ஸ், சரஸ்வதி லொட்ஜ் போன்ற சைவ உணவுச்சாலைகள் தமிழரன்றிச் சிங்களவரும் முஸ்லிம்களும் விரும்பிச் செல்லும் இடங்களாயின. பங்கீட்டரிசியின் விலை கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்ந்தபோது வெடித்த 1953ஆம் ஆண்டு ஹர்த்தாலும், 1970களின் முற்பகுதியிற் பாணுக்கு நின்ற நீண்ட வரிசைகளும் இனபேதமின்றி அனைவருக்கும் பொதுவான அனுபவங்கள். அதே 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல்மிளகாயும் புறக்கோட்டைச் சந்தையில் நல்ல விலை பெற்றன. வடக்கின் கமக்காரனும் தெற்கின் அடுக்களையும் அவ்வாண்டுகளில் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தனர். 1977இன் திறந்த பொருளாதாரம் அச்சந்தையைக் குலைத்தது.

இச்சார்புநிலை வன்முறையைத் தடுக்கப் போதுமானதாக இருக்கவில்லை. 1958இலும் 1977இலும் தமிழர் தாக்கப்பட்டு, கொழும்பிலிருந்து வடக்கே அனுப்பப்பட்டனர். 1983 யூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் வரிசையாக எரிந்தன. காடையர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் காணப்பட்டன. பெயர்ப்பலகையே குற்றச்சாட்டாயிற்று. எரிந்தவை அரிசி மூடைகளும் மேசைகளும் மட்டுமல்ல. மூன்று தலைமுறையாக எழுதப்பட்ட கணக்குக் கொப்பிகளும், அவற்றில் அடங்கிய நம்பிக்கையும் எரிந்தன. அதே நாட்களில், தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் மறைத்துச் சோறளித்த சிங்கள, முஸ்லிம் அயலவரும் இருந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

ஆயினும் தமிழர் மீண்டும் வந்தனர். 1990இல் வடக்குக்கான புகையிரத சேவை நின்றபின்னும், 1995இன் பெரும் இடப்பெயர்வின் பின்னும், கொழும்பின் விடுதிகள் வடக்குக் கிழக்கு மக்களால் நிரம்பின. அவர்கள் உத்தியோகம் தேடி வந்தவர்களல்லர். கடவுச்சீட்டுக்கும் வைத்தியத்துக்கும் உயிர்ப்பாதுகாப்புக்குமாக வந்தவர்கள். அவர்களைச் சார்ந்து வெள்ளவத்தையில் புட்டும் இடியப்பமும் விற்கும் சிறுகடைகள் மறுபடியும் முளைத்தன. 2007 யூன் மாதத்தில், முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதிகளிலிருந்து பேருந்துகளில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்நடவடிக்கையைத் தடுக்க நேர்ந்தது. 2014இல் யாழ்ப்பாணம்வரை புகையிரதம் மீண்டும் ஓடியபோது, பொதிகளும் மீண்டும் பயணஞ்செய்தன.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். புதிய நகரில் நல்ல கடையைக் கண்டடைதல் நாவின் தேவையாகத் தொடங்குகின்றது. ஆயின், அந்நகரில் வாழும் உரிமையோடு அது பிரிக்கமுடியாதபடி இணைந்துவிடுகின்றது. யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்ணலாம், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருடைய பெயர்ப்பலகை அச்சமின்றித் தொங்கலாம் என்னும் வினாக்களுக்கு ஒரு நகரம் அளிக்கும் விடையே அதன் நாகரிகத்தின் அளவாகும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடை ஒரு காலத்தில் தன் மக்களிற் சிலரை வெளியே நிறுத்தியது. கொழும்பு வேறொரு காலத்தில் அக்கடைகளின் உடைமையாளரையே வெளியே துரத்தியது. இரண்டையும் ஒரே நேர்மையோடு நினைவுகூரும் சமூகமே, அனைவரும் அமரத்தக்க வாங்கொன்றை எதிர்காலத்துக்காக இட்டுவைக்க முடியும்.