முதல் பனிமலை எது? திரிசூல் கதை

தண்டலத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைதான் பெரிய மேடு. நம் மாநிலத்தின் உயரமான மலை தொட்டபெட்டா, 2,637 மீட்டர். உத்தராகண்டில் இருக்கும் திரிசூல் 7,120 மீட்டர். இந்தியர் தலைமையில் நடந்த முதல் பெரிய மலையேற்றம் என்று சொல்லப்படுவது 1951-ல் இங்கே நடந்ததுதான். எவ்வளவோ சிகரங்கள் இருக்க, ஏன் இது?

அதற்கு 1907-க்குப் போக வேண்டும். லண்டன் ஆல்பைன் கிளப்பின் 50-வது ஆண்டுக்கு எவரெஸ்ட் போகத் திட்டமிட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அனுமதி தரவில்லை. சரி, கார்வால் பக்கம் போவோம் என்று வந்தவர்களில் டாம் லாங்ஸ்டாஃப் ஒருவர், தொழிலால் டாக்டர். முதல் முயற்சியில் மிக உயரத்தில் கூடாரம் போட்டு, புயலில் மாட்டி, இறங்கிவிட்டார்கள். இரண்டாவது முறை பாணியையே மாற்றினார். சுமார் 5,300 மீட்டரில் இருந்து, குறைந்த சுமையோடு, ஒரே நாளில் 1,800 மீட்டர்! ஜூன் 12 அன்று புரோச்செரல் சகோதரர்கள், கூர்க்கா வீரர் கர்பீர் ஆகியோரோடு சுமார் 10 மணி நேரத்தில் உச்சியைத் தொட்டார்.

டூன் பள்ளி ஆசிரியர் குர்தியால் சிங்குக்கு 1951-ல் வயது 27. பெரிய பணமோ படையோ கிடையாது. லாங்ஸ்டாஃப் போன வழி தெரியும். செங்குத்துப் பாறை இல்லை, நீண்ட பனிச்சரிவுதான், மூச்சும் பொறுமையும் போதும். சின்னக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான மலை ஏது? ஜூன் 23 அன்று அவர், ராய் கிரீன்வுட், ஷெர்பா தவா தொண்டுப் மூவரும் உச்சிக்குப் போனார்கள். அங்கே சிங் சிரசாசனம் செய்தார் (நம்புங்கள்!).

அதே மாதம், பக்கத்திலேயே நந்தாதேவியில் ஒரு பிரெஞ்சுக் குழு. அனுபவசாலிகள்தான். ஆனால் அவர்கள் எடுத்தது வேறு கணக்கு: பிரதான சிகரத்தில் ஏறி, கத்தி முனை போன்ற மலைமுகடு வழியே கிழக்குச் சிகரம் வரை நடப்பது. ஜூன் 29 அன்று கிளம்பிய தலைவர் ரோஜர் டூப்லாவும் கில்பர்ட் வின்யேவும் திரும்பவில்லை. அவர்களைத் தேடியபடி லூயி டியூபோவும் டென்சிங்கும் கிழக்குச் சிகரத்தின் உச்சிவரை போனார்கள். தன் வாழ்க்கையிலேயே கடினமான ஏற்றம் அதுதான் என்று டென்சிங் பிற்பாடு சொன்னார், எவரெஸ்ட் ஏறிய பிறகும்!

அதற்காகத் திரிசூலை 'ஈஸி' என்று சொல்லிவிட முடியாது. 2021 அக்டோபரில் அங்கே ஏறப் போன இந்தியக் கடற்படைக் குழு பனிச்சரிவில் சிக்கியது, உயிர்கள் போயின. லாங்ஸ்டாஃபும் சிங்கும் போன ரிஷி கங்கை வழியோ 1980-களிலேயே மூடப்பட்டுவிட்டது. குர்தியால் சிங் 2023-ல், 99-வது வயதில் காலமானார்.