ஒத்திப் பணமும் வங்கி ஏலமும்: சர்ஃபாசி சட்டத்தின் கீழ் குடியிருப்போர் நிலை

வீட்டு உரிமையாளர் கடன் கட்டத் தவறி, வங்கி வீட்டைக் கைப்பற்றும்போது அங்கே குடியிருப்பவரின் கதி என்ன? கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எடுத்து விசாரித்திருக்கிறது. அந்த விசாரணைகளின் மையத்தில் நிற்பவர் மாத வாடகை கொடுப்பவர். பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தமிழ்நாட்டு ஒத்திக் குடித்தனம் அங்கே கணக்கில் வரவில்லை. ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வதைச் சென்னையில் லீஸ் என்கிறார்கள். வங்கி ஏலத்தில் மிகப் பெரிய அடி வாங்குபவர் இந்தக் குடித்தனக்காரர்தான். மாத வாடகைக்காரருக்குக் கூரையும் சில மாத முன்பணமும் போகும். இவருக்கோ பல ஆண்டுச் சேமிப்பே போய்விடும். நகையை அடகு வைத்துப் புரட்டிய பணமும் அதில் இருக்கும். சட்டம் இவரை வாடகைதாரர் என்ற ஒரே கண்ணால் பார்க்கிறது. உரிமையாளருக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக வீட்டைக் கையில் வைத்திருப்பவர் என்று இவரை ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இது விளங்கும். மாதம் 10,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய வீட்டை 10 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வாடகை மிச்சமாகிறது. கொடுத்த தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி அவருக்குக் குடியிருப்பாகக் கிடைக்கிறது என்பதுதான் இதன் பொருள். பணம் கொடுத்தவர் சொத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் பலனை அனுபவிப்பதை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அடமான வகைகளுள் ஒன்றாகவே வகுத்திருக்கிறது. ஒத்தி அந்த வரையறைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

பொருந்தினாலும் பயனில்லை, ஏனென்றால் தடை எழுதிய தாளில் இருக்கிறது. 100 ரூபாய்க்கோ அதற்கு மேற்பட்ட தொகைக்கோ செய்யும் இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 59ஆம் பிரிவு. நடைமுறையில் கைமாறுவது ஒரு முத்திரைத்தாள். அதில் உரிமையாளர் பெயர், குடியிருப்பவர் பெயர், தொகை, பதினொரு மாதக் கெடு, 'காலி செய்யும்போது மேற்படி தொகையை வட்டியின்றித் திருப்பித் தருவதாக' ஒரு வரி, கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. மூன்று ஆண்டு என்ற பேச்சு வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும். பதிவு செய்யலாம் என்று குடியிருப்பவர் கேட்டால் முத்திரைத்தீர்வை ஆகும், வருமான வரித்துறை கேள்வி கேட்கும் என்று உரிமையாளர் தட்டிக் கழிப்பார். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால், ஒத்தி விஷயம் வங்கிக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் சொல்லாத காரணம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 107ஆம் பிரிவு. ஆகவே குடியிருப்பவரின் கையில் உள்ள தாள் அடமானப் பத்திரமும் ஆகாது, முழுமையான குத்தகைப் பத்திரமும் ஆகாது.

இந்த நிலையில்தான், கடன் கட்டத் தவறியவரின் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வாசலுக்கு வருகிறது. தவணை 90 நாள் நிலுவையானால் கடன் வாராக்கடனாகிறது. 13(2) பிரிவின்படி வங்கி 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்புகிறது. அது கடனாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் போகும், குடியிருப்பவருக்குப் போகாது. உரிமையாளர் வேறு ஊரில் இருந்தால் தபால்காரர் கொண்டுவந்த உறையை வாங்கி அவருக்காக எடுத்து வைப்பவரும் சில வேளை இந்தக் குடியிருப்பவர்தான். உள்ளே இருப்பது தன் வீட்டைப் பற்றிய சேதி என்று அவருக்குத் தெரிய வழியில்லை. முதன்முதலில் அவர் அறிவது, வங்கி அதிகாரி வெளிக்கதவில் ஒட்டும் சுவாதீன அறிவிப்பின் மூலம். கடனாளியின் பெயர், நிலுவைத் தொகை, சர்வே எண், நான்கெல்லை எல்லாம் அதில் இருக்கும். கதவுக்குள் இருப்பவரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

அடுத்த கட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வீட்டை நேரடியாகக் கைப்பற்ற உதவி கேட்டு, தலைமைப் பெருநகர நடுவரிடமோ மாவட்ட நடுவராக இருக்கும் ஆட்சியரிடமோ வங்கி மனுப் போடுவது 14ஆம் பிரிவின்படி. அந்த மனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒன்பது விவரங்கள் இருக்க வேண்டும் என்று 2013இல் திருத்தம் வந்தது. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அந்த ஒன்பதில் ஒன்றாக இல்லை. பூட்டை உடைக்கக் காவல்துறை உதவி கேட்கும் ஒரு சட்டம், பூட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறதா என்று கேட்கவில்லை என்பதை என்னால் சிறிய விடுபடலாகக் கருத முடியவில்லை.

உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்க முயன்றது. 2014இல் ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கில், அடமானத்துக்கு முன்பே ஏற்பட்ட முறையான குத்தகையும், அடமானத்துக்குப் பின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுக்கு உட்பட்டு ஏற்பட்ட குத்தகையும் வங்கியைக் கட்டுப்படுத்தும் என்றும், வெளியேற்றும் முன் குடியிருப்பவரை நடுவர் கேட்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2016இல் விஷால் கல்சாரியா வழக்கில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப் பாதுகாப்பை சர்ஃபாசி மேலோங்கி அழித்துவிடாது என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சர்ஃபாசி சட்டத்தில் 17(4ஏ) உட்பிரிவைச் சேர்த்துக் குடியிருப்பவரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய மூன்று ஊர்களில் உள்ள தீர்ப்பாயங்களை 45 நாளுக்குள் நாட வேண்டும். 2019இல் பஜரங் சியாம்சுந்தர் அகர்வால் வழக்கு, பதிவில்லாத ஒப்பந்தத்தைக் காட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் ஓராண்டுக்கு மேல் இடமில்லை என்று உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்புகளெல்லாம் போய் நிற்கும் இடம் 65ஏ பிரிவு. 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த இந்தப் பிரிவு, அடமானத்தில் உள்ள சொத்தை அதன் உரிமையாளர் எந்த நிபந்தனைகளோடு குத்தகைக்கு விடலாம் என்று வரையறுக்கிறது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகை இருக்க வேண்டும். முன்தொகை எதுவும் வாங்கக் கூடாது, வாடகையையும் முன்கூட்டிப் பெறக் கூடாது. கட்டடமானால் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வாடகை செலுத்துவதாக உறுதியும், செலுத்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒத்தியை இந்த நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் அடிப்படையானவற்றிலேயே தோற்கிறது. மாத வாடகை கிடையாது; கொடுத்ததெல்லாம் முன்தொகை. அடமானத்துக்குப் பிறகு ஒத்திக்கு வந்தவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எத்தனை ரசீது வைத்திருந்தாலும், அந்தப் பிரிவின் பாதுகாப்பு அவருக்கு எட்டாது. போதாக்குறைக்கு, வங்கியின் அனுமதியின்றி வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான அடமான ஆவணங்களில் இருக்கிறது.

65ஏ பிரிவுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. உரிமையாளர் பெருந்தொகையை வாங்கிச் செலவழித்துவிட்டு, வாடகையே தராத ஒருவரை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், வங்கியின் ஈடு வெற்றுக்கூடாகிவிடும். அந்தக் கவலை 1929இலும் சரி, இன்றும் சரி. ஆனால் அதே 1929 திருத்தம் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் இன்னொன்றையும் சொன்னது: ஒரு சொத்தில் உரிமை பெறுபவர், அப்போது அதைத் தன் வசம் வைத்திருப்பவருக்கு என்ன உரிமை இருந்தாலும் அதை அறிந்தவராகவே கருதப்படுவார். வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்பதே வங்கிக்குக் கொடுத்த அறிவிப்பு. கடன் கொடுக்கும் முன் வங்கியின் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்க்கிறார். உரிமையாளர் குடியிருக்கிறாரா, வாடகைதாரரா, எத்தனை காலமாக, வாடகை எவ்வளவு என்று எழுத அவருடைய படிவத்தில் இடம் இருக்கிறது. வங்கி தெரிந்துகொள்ள வழி உண்டு. வரப்போகும் குடித்தனக்காரருக்கு அந்த வசதியில் பாதிகூட இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பதிவான அடமானம் தெரியும், உண்மைதான். தவணை எத்தனை மாதமாக நிற்கிறது என்பதை எந்த வில்லங்கச் சான்றும் சொல்லாது. 'வீட்டுக் கடன் இருக்கு, மாசாமாசம் கட்டிட்டு வர்றேன்' என்று உரிமையாளர் சொன்னால் அதைச் சோதிக்கக் குடித்தனக்காரரிடம் கருவி எதுவும் இல்லை.

வங்கிகள் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏலத்தைத் தடுக்க உரிமையாளரே தன் மைத்துனரையோ நண்பரையோ வாடகைதாரர் என்று முன்னிறுத்தி, பழைய தேதியிட்ட தாளைக் காட்டுவது நடக்கத்தான் செய்கிறது. நீதிமன்றங்களின் சந்தேகம் அங்கிருந்து வருகிறது. 13(2) அறிவிப்புக்குப் பின் ஏற்பட்ட குத்தகை செல்லாது என்ற விதியும் அதற்காகவே. ஆனால் போலிக் குத்தகைக்கும் உண்மைக் குத்தகைக்கும் உள்ள வேறுபாடு தேதியில் இருக்கிறது. தேதியை அரசு உறுதிப்படுத்தும் ஏற்பாடு இருந்தால் போலிக்கு இடமிருக்காது, உண்மையானவரும் நிரூபிக்கத் திணற வேண்டியதில்லை.

இதைச் செய்து காட்டிய நாடு தென் கொரியா. அங்கே 'ஜொன்சே' என்பது நம் ஒத்தியின் மறுபதிப்பு: பெருந்தொகை கொடுத்து, பொதுவாக இரண்டு ஆண்டு மாத வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது. 1981ஆம் ஆண்டின் வீட்டுக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கு எளிய வழி ஒன்றைத் தந்தது. வீட்டுக்குக் குடிவந்து, உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்கினால் போதும். வீடு ஏலம் போனால் அந்தத் தேதி வரிசைப்படி அவருக்கும் பணத்தில் பங்கு உண்டு. சிறு தொகைக் குடியிருப்போருக்கு ஒரு வரம்பு வரை அடமானக்காரருக்கும் முன்னால் பங்கு உண்டு. குறைகளும் உண்டு. குடியிருப்பவரின் உரிமை மறுநாள் நள்ளிரவிலிருந்துதான் தொடங்கும் என்பதால், குடிவந்த அன்றே வீட்டை அடமானம் வைத்து அவரைப் பின்னுக்குத் தள்ளிய உரிமையாளர்கள் இருந்தார்கள். 2022, 2023இல் நூற்றுக்கணக்கில் வீடுகளை வாங்கிக் குவித்தவர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் சரிந்தபோது இளம் குடியிருப்போர் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2023இல் அரசு தனிச்சட்டம் கொண்டுவர நேர்ந்தது. கொரியச் சட்டத்தை முழு மருந்தாக நான் காட்டவில்லை. மொத்தத்தொகைக் குடியிருப்பவரைக் கடன் கொடுத்தவர் வரிசையில் சட்டம் நிறுத்த முடியும் என்பதற்குச் சான்றாகவே காட்டுகிறேன்.

ஏலத்துக்குப் பின் காலி செய்யக் கிடைக்கும் அவகாசம் தனிப் பிரச்சினை. அமெரிக்காவில் 2008இல் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியின் ஷெரீப் டாம் டார்ட், வாடகையை ஒழுங்காகக் கொடுத்தவர்களை முன்னறிவிப்பின்றித் தெருவில் நிறுத்த மாட்டேன் என்று வெளியேற்றங்களை நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டே அங்கே நேர்மையான குடியிருப்பவருக்குக் குறைந்தது 90 நாள் என்ற நாடு தழுவிய சட்டம் வந்தது. 2014 முடிவில் காலாவதியாகி, 2018இல் நிரந்தரமானது. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், கடன் கொடுத்தவரின் அனுமதியின்றிக் குடிவந்தவருக்கும் இரண்டு மாதம் வரை அவகாசம் கேட்க வழி செய்கிறது. நமக்கும் குறைந்தபட்சம் 90 நாள் வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் குழந்தைகளை இடம் மாற்றும் குடும்பத்துக்கு அதுவும் குறைவே.

தமிழ்நாட்டில் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், எல்லா வாடகை ஒப்பந்தங்களும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகி எண் பெற வேண்டும் என்கிறது. அந்தப் பதிவில் ஒத்தித் தொகைக்கு ஒரு பத்தியைச் சேர்த்து, அதை வில்லங்கச் சான்றில் வரும்படி பதிவுத்துறையோடு இணைத்தால் கொரியாவின் தேதி முத்திரைக்கு நிகரான சான்று கிடைக்கும். முத்திரைத்தீர்வையைப் பெயரளவுக்குக் குறைக்காவிட்டால் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

அப்படிப் பதிவான தொகைக்குச் சட்டமே ஒரு பொறுப்புரிமையைச் சொத்தின் மீது ஏற்ற வேண்டும். இது புதுமையான கருத்தும் இல்லை. வீடு வாங்க முன்பணம் கொடுத்துக் கிரயம் முடியாமல் நிற்பவருக்கு, அந்தப் பணத்தின் அளவுக்குச் சொத்தின் மீது உரிமை உண்டு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55(6) உட்பிரிவு சொல்கிறது. வாங்குவதற்காகப் பணம் கொடுத்தவருக்குத் தரும் பாதுகாப்பை, குடியிருப்பதற்காகப் பணம் கொடுத்தவருக்கு மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. வங்கிக்குப் பின் வந்த ஒத்தி, வங்கிக்குப் பின்னாலேயே நிற்கட்டும். வீடு 60 லட்சத்துக்கு ஏலம் போகிறது, வங்கிக்குச் செலவோடு சேர்த்து வரவேண்டியது 42 லட்சம் என்று கொள்வோம். மிச்சம் 18 லட்சம். சர்ஃபாசி சட்டத்தின் 13(7) உட்பிரிவின்படி அது உரிமை உள்ளவருக்குச் சேர வேண்டும். இன்று அது உரிமையாளர் கைக்குப் போகிறது. 10 லட்சம் கொடுத்துவிட்டு வீதிக்கு வந்தவர் அவர்மீது உரிமையியல் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. பொறுப்புரிமை இருந்தால் அந்த 10 லட்சம் நேராகக் குடியிருந்தவருக்குச் சேரும். வங்கிக்கு ஒரு ரூபாயும் குறையாது.

ஒரு மாற்றத்துக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதும் இல்லை. விற்பனை அறிவிப்பில் தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை வங்கி குறிப்பிட வேண்டும் என்று சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வந்த 2002ஆம் ஆண்டின் அமலாக்க விதிகளில் 8ஆம் விதி கூறுகிறது. 'தெரிந்தவரை ஏதுமில்லை' என்று ஒரு வரியில் அதைத் தாண்டிப் போக முடிகிறது. வங்கி அதிகாரி வீட்டுக்கு நேரில் போய், குடியிருப்பவரின் பெயர், குடிவந்த நாள், கொடுத்த தொகை, காட்டிய ஆவணம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்து, அதன் நகலை அவரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அந்த விதியைத் திருத்தும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசிடம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் கடன் கொடுக்கும் நாளில் கேட்ட அதே கேள்விகளை, பறிக்கும் நாளிலும் கேட்க வேண்டும் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.