மனைக்கு அளவுகோல் யாது?

தமிழில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் அவ்வீட்டில் வாழ்வோரையும் உடன் நினைவூட்டுவது நோக்கத்தக்கது. மனை என்னும் சொல்லை அடியாகக் கொண்டு மனைவி என்னும் சொல் பிறந்தது; இல் என்னும் சொல்லிலிருந்து இல்லாளும் இல்லறமும் தோன்றின. சுவரும் கூரையும் மட்டும் வீடாகா. அங்கு நாள்தோறும் நடைபெறும் வாழ்வே வீடு என்று நம் முன்னோர் கருதியமைக்கு மொழியே சான்று. கட்டடக் கலையிலும் இக்கருத்து இருந்ததா என்பதை ஆராய்தல், சொந்த ஊரைவிட்டு வந்து அயல் மண்ணில் வீடு கட்ட முனையும் நம்மவர்க்குப் பெரிதும் பயன்படும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனை வகுக்கப்பட்ட முறையைக் கூறுகின்றார். நூல் கற்ற வல்லுநர் நண்பகல் நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து மனையை வகுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. அம்மனையின் வாயில் எவ்வளவு உயரம்? புலவர் அதனை முழக்கணக்கில் சொல்லவில்லை. வெற்றிக்கொடி ஏந்திய யானை அக்கொடியோடு புகத்தக்க உயரம் என்கின்றார். யானை நுழைந்தால் மட்டும் போதாது. அதன்மேல் எழுந்த கொடியும் சாயாமல் நுழைதல் வேண்டும். அவ்வாயிலை யார், எதனோடு கடப்பார் என்பதே அங்கு அளவுகோல் ஆயிற்று.

அதே பாட்டில் வேனிற்காலத்துப் பள்ளியறை ஒன்றும் பேசப்படுகின்றது. தென்றலைக் கொணரும் அதன் சாளரம் கூதிர்க் காலத்தில் திறவாமல் தாழிடப்பட்டிருந்ததாம். பருவம் மாறும்போது வீட்டின் பயன் மாறும் என்பதை முன்னரே எண்ணியல்லவா அவ்வறையை அமைத்துள்ளனர்! சாளரத்திற்குக் காலதர் என்றும் பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பெயரிலேயே பயன் அடங்கியிருக்கின்றது.

குடிமக்கள் வீட்டில் யானை புகுவதில்லை. ஆயினும் அங்கும் இதே நெறியைக் காண்கின்றோம். வாயிலின் பக்கச் சுவரில் ஒரு சிறு மாடக்குழி இருக்கும். அந்தியில் ஏற்றிய அகல் காற்றில் அணையாமல் எரிவதற்கென்றே அமைந்தது அது. திண்ணையின் ஓரத்தில், படுப்பவர் தலை சாய்க்கச் சுண்ணாம்புக் காரையால் ஒரு சரிவு அமைத்திருப்பர். முற்றத்தின் வழியே வெளிச்சமும் காற்றும் வந்தன. அதிலேயே வற்றலும் வடகமும் காய்ந்தன. குளித்த நீர் கொல்லை வாழைக்குப் பாய்ந்தது. கூடத்து உத்தரத்தில் இரும்பு வளையங்கள் தொங்கின. சில ஊஞ்சலுக்கு, ஒன்று தொட்டிலுக்கு. உத்தரம் ஏற்றும்போதே அவ்வளையங்களையும் பொருத்திவிடுவர். வீட்டில் குழந்தை இல்லாத ஆண்டுகளிலும் அவ்வளையம் காத்திருந்தது.

இவற்றையெல்லாம் எவரும் தாளில் எழுதித் தந்ததில்லை. கொத்தனாரும் தச்சரும் அந்த ஊரிலேயே வாழ்ந்தவர்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டிலும் அகல் எரிந்தது; தொட்டில் ஆடியது. ஆகவே, கேளாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழைய வீட்டில் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. திண்ணை அகன்றிருந்த பல வீடுகளில் அடுக்களை இருண்டிருந்தது. புகையில் கண் கலங்கியவரும், கொல்லைக் கிணற்றுக்கும் அடுப்புக்கும் இடையே குடம் சுமந்து நடந்தவரும் பெண்டிரே. இல்லாள் என்று பெயர் தந்த சமுதாயம், அளவெடுக்கும் வேளையில் அவரைக் கலந்துகொள்ளவில்லை.

அக்குறையை நீக்கும் முயற்சி ஒன்று ஜெர்மனியில் நிகழ்ந்தது. பிராங்க்பர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்கென 1926ஆம் ஆண்டில் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிற்றறை அது. இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் சமையல் நடக்கும் முறையை ஆராய்ந்து, வீண் நடை நேராதவாறு ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தார். அரிசி முதலிய பொருள்களுக்குத் தனித்தனி அலுமினியப் பெட்டிகள் அமைந்தன. சுமார் 10,000 வீடுகளில் இது இடம்பெற்றது. இன்றைய சமையலறை மேடைகளுக்கு இது ஒரு முன்னோடி. ஆனால் ஒரு குறையும் சொல்லப்பட்டது. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யத்தக்க இடம் அது. துணைக்கு மற்றொருவர் வந்தால் நெருக்கடிதான். மாமியார் மாவரைக்க, மருமகள் அடுப்பைக் கவனிக்க, மகள் தேங்காய் துருவும் நம் வீட்டிற்கு அவ்வளவு பொருந்துமா? பிறர் வாழ்வை அளந்து கண்ட விடை நமக்கு விடையாகாது. அளக்கும் முறையைத்தான் நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

நம்மில் பலர் அரசுக் குடியிருப்புகளில் காலம் கழித்தவர்கள். 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்ட காலத்திலேயே, பதவிக்கேற்ற வீடு என்ற முறை அங்கு வேரூன்றிவிட்டது. அங்கு வீட்டின் அளவைத் தீர்மானிப்பது ஊதியம். குடும்பத்தின் பழக்கம் அன்று. கிடைத்த வீட்டிற்கேற்ப நம் வாழ்வைச் சுருக்கிக்கொண்டோம். சமையலறை மூலையில் கிரைண்டரையும், கட்டிலுக்கடியில் அரிசி மூட்டையையும் வைத்துப் பழகினோம். அது குற்றமன்று. ஆனால் சொந்தச் சேமிப்பில் வீடு கட்டும்போதும் அப்பழக்கத்தையே அளவுகோலாகக் கொள்ளலாமா?

இங்குள்ள ஒப்பந்தக்காரர் கைத்தேர்ச்சி மிக்கவராக இருக்கலாம். ஆயினும் அவர் வீட்டில் கோலம் போடும் வழக்கம் இல்லை எனில், வாயிற்கதவுக்கு முன்னே நான்கடி இடம் விடவேண்டும் என்பது அவருக்கு எவ்வாறு தோன்றும்? ஊரில் சொல்லாமலே நடந்ததை இங்கு நாம்தான் சொல்லல் வேண்டும். அதுவும் காலத்தே சொல்லல் வேண்டும். கான்கிரீட் தளத்திற்குக் கம்பி கட்டும் நாளிலேயே ஊஞ்சலுக்கும் தூளிக்கும் கொக்கி வைத்துவிடுதல் எளிது. தளம் இறுகிய பின்னர் அதனைத் துளைத்தல் அரிது. கிரைண்டர் நிற்கும் இடத்தில் உரிய பிளக்கும், அதனைக் கழுவிய நீர் வழிந்தோட வாட்டமும் வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்புறம் திறக்குமாறு அமைதல் நன்று; முதியவர் உள்ளே வழுக்கி விழுந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். வடபுல நகரங்களில் தெற்கு நோக்கிய சாளரம் தென்றலுக்காக அன்று, குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலுக்காக வேண்டும். மேலே அளவான மறைப்பு இருந்தால், கோடையில் உச்சியேறும் நண்பகல் வெயில் அதனுள் புகாது. வேனிலுக்கும் கூதிருக்கும் தனித்தனியே எண்ணிய நெடுநல்வாடையின் நெறி, மண் மாறினும் மாறவில்லை.

ஆகவே, வரைபடத்தில் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். இல்லத்தரசியையும் முதிய பெற்றோரையும் அதன் முன் அமரச் செய்யுங்கள். விடியற்காலை முதலில் எழுபவர் யார், அவர் கை எந்த விளக்கைத் தேடும், இரவில் கடைசியாகப் பாத்திரம் கழுவுபவர் எங்கு நிற்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரண்மனை வாயிலுக்கு யானையும் கொடியும் அளவுகோல் ஆயின. நம் வீட்டிற்கு, அதில் மிகுதியாக உழைப்பவரும் மெல்ல நடப்பவருமே அளவுகோல் ஆகட்டும்.