பெரட்டுக் கணக்கும் அஞ்சடிக் கணக்கும்

கெடா தோட்டத்தில் ஒருவர் செத்தால் அது ஏட்டில் ஏறும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் தண்டல் லயத்துக்குப் போய்ப் பார்ப்பார். கிராணி செக்ரோலில் பெயரை அடிப்பார். ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் இலாகா தோட்ட மரணங்களை ஆயிரத்துக்கு இத்தனை என்று ஆண்டறிக்கையில் அச்சிட்டது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆளை வாரிக்கொண்டு போன காலம். எண்ணியது கருணையால் அல்ல. கப்பல் செலவு கொடுத்துக் கொண்டுவந்த கூலி செத்தால் நட்டம். இந்திய அரசின் ஏஜெண்டும் கேள்வி கேட்பார். எதற்காகவோ, எண்ணினார்கள்.

சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டுப் பக்கம், ஜாலான் இப்ராஹிம் கடைகளின் அஞ்சடியில் அட்டை விரித்துப் படுக்கும் பழைய தோட்டத்து ஆள் செத்தால் அவர் ஏறுவது எந்த ஏட்டில்?

அவர் அஞ்சடிக்கு வந்த வழி இது: லயத்து வீட்டின் பூட்டு தொழிலாளியுடையது, வீடு கம்பெனியுடையது. வேலை போனால் கூரையும் போகும். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1969க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடியில், குடியுரிமை இல்லாத சுமார் 60,000 பேர் கப்பல் ஏறினார்கள். கொடுமைதான்; ஆனாலும் அக்கரையில் ஓர் ஊர் இருந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறித் தாமான்களான போது அந்த வழியும் இல்லை. வேலை நீக்க இழப்பீட்டுக்கான 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி. வீடு அந்தச் சூத்திரத்தில் எங்கும் வராது. (துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தொழிலாளர் காசில் வாங்கியது. அந்த வழியில் எல்லாத் தோட்டமும் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

கோலாலம்பூர் அஞ்சடிக்காவது சத்தம் போட ஆள் உண்டு. 2014இல் நகர மையத்தில் 2 கிலோமீட்டருக்குள் வீடற்றோருக்கு இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அமைச்சர் சொன்னபோது நாடே பேசியது. கெடா டவுன்களுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. சட்டம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று: 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின் கீழ் பிடித்து, மாஜிஸ்ட்ரேட் உத்தரவில் மூன்றாண்டு வரை இல்லத்தில் வைக்கலாம். பீடோங்கில் அரசு முதியோர் இல்லம் இருக்கிறது. அதில் சேர 60 வயதாகியிருக்க வேண்டும், வாரிசு இருக்கக் கூடாது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜொகூரில் மகன் இருந்தும் போனை எடுக்காத 54 வயதுக்காரர் எந்தக் கட்டத்திலும் அடங்கமாட்டார்.

இப்படிப்பட்ட சாவுகளை எண்ணிப் பார்த்த இடமும் உண்டு. 2018இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடற்றோர் மரணம் 726 என்று பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் மதிப்பிட்டது. செத்த ஆண்களின் சராசரி வயது 45, பெண்களுக்கு 43. அங்கேயும் இதற்கென்று தனி ஏடு இல்லை. மரணப் பதிவுகளில் ‘நிலையான முகவரி இல்லை’ என்ற குறிப்பையும் தங்குமிடங்களின் பெயர்களையும் தேடிப் பிடித்து, விடுபட்டவர்களையும் கணித்துச் சேர்த்தார்கள்.

நம்மிடம் அந்தத் தேடல் அப்படியே பலிக்காது. மைகாட் அடையாள அட்டையின் முன்பக்கத்தில் பெயருக்குக் கீழே விலாசம் இருக்கிறது. லயத்தை இடித்து எத்தனை வருடமானாலும், ஆள் போய் மாற்றாதவரை, ‘லாடாங்’ (தோட்டம்) என்று தொடங்கும் விலாசம் அப்படியே நிற்கும். அதையே பார்த்து மரணத்தைப் பதிந்தால், அஞ்சடியில் செத்தவர் கணக்குப்படி வீட்டோடு வாழ்ந்தவர்.

போலீஸ், ஆஸ்பத்திரிப் பிணவறை, சமூகநல இலாகா மூன்றிடமும் அப்படிச் செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு காகிதம் இருக்கும். கோலா மூடா மாவட்டத்துக்கு மட்டும் ஓராண்டுக் காகிதங்களை அடுக்கி, ‘லாடாங்’ விலாசங்களைப் பிரித்தெடுத்தால் கணக்கைத் தொடங்கிவிடலாம். அவற்றில் எந்த லயம் இன்னும் நிற்கிறது என்பது பழைய தண்டல்மார்களுக்குத் தெரியும்.