துளையினுள் இறங்கிய மின்வடம்

நிலத்திலே ஆயிரம் அடி ஆழத்துக்கு ஒரு துளையை இட்டுவிடலாம். ஆனால், அத்துளை எந்தெந்தப் பாறைகளை ஊடறுத்துச் சென்றது என்பதை அறிவது எங்ஙனம்? எண்ணெய்க் கிணறு துளைத்தோர் நெடுங்காலமாக இரு வழிகளையே நம்பியிருந்தனர். சேற்றோடு மேலே வரும் கற்றூளைப் பொறுக்கிப் பார்ப்பது ஒன்று. அத்தூள் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பது என்றும் ஐயத்துக்கிடமானது. உட்டுளையுள்ள வெட்டுமுனையால் பாறையை உருளை வடிவில் அறுத்தெடுப்பது மற்றொன்று. இது நம்பத்தக்கது. எனினும், ஒவ்வொரு முறையும் துளைக்குழாய்கள் அனைத்தையும் வெளியே இழுத்து மீண்டும் இறக்கவேண்டும். நாளும் பணமும் கரைந்துபோகும். மென்மையான மணற்கல்லோ மேலே வருமுன்னரே உதிர்ந்துவிடுவதுண்டு. எண்ணெய் விரும்பித் தங்குவதும் அத்தகைய மணற்கல்லிலேதான்!

பிரான்சு நாட்டின் அல்சாஸ் மாகாணத்திலே பெஷெல்புரோன் என்றோர் ஊர் உண்டு. கீல் ஊற்று என்பது அப்பெயரின் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுரங்கம் வெட்டி எண்ணெய் எடுத்த இடம் அது. 1927ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆம் நாள், அவ்வூர்க் கிணறொன்றின் வாயிலே ஆன்றி டோல் என்னும் இருபத்தைந்து வயதுப் பொறியியலாளரும் துணைவர் இருவரும் நின்றனர். பேக்கலைட்டுக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்திச் செய்த நீண்ட கோலொன்றை மின்வடத்திற் கட்டித் துளையினுள் இறக்கினர். கோலிலிருந்த மின்வாய் ஒன்றினூடாக மின்னோட்டம் பாறைக்குள் சென்றது. ஏனைய மின்வாய்களுக்கிடையே தோன்றிய அழுத்த வேறுபாட்டை மேலேயிருந்த கருவி காட்டியது. ஒரு மீற்றர் நகர்த்துவது, நிறுத்துவது, அளப்பது, குறிப்பேட்டில் எழுதுவது. மீண்டும் ஒரு மீற்றர். இவ்வாறு பெற்ற எண்களைத் தாளிலே புள்ளிகளாக இட்டு இணைத்தபோது, பாறைப்படைகளின் மின்தடை ஒரு வளைகோடாக வெளிப்பட்டது.

இம்முயற்சியின் பின்னே நின்றவர்கள் டோலின் மாமனாராகிய கொன்ராட் ஷ்லம்பெர்ஜேயும் அவர் தம்பி மார்செலும் ஆவர். கொன்ராட் பாரிசிலே சுரங்கக் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்தவர். நிலத்தின்மேல் மின்னோட்டம் பரவும் வகையை 1912ஆம் ஆண்டில் நோர்மண்டியிலே அளந்து பார்த்தார். பின்னர் உலகப்போர் குறுக்கிட்டது. 1919இல் தந்தையார் போல் ஷ்லம்பெர்ஜே மைந்தர் இருவருக்கும் ஆராய்ச்சிக்கெனப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டு, இலாபத்திலும் பார்க்க ஆராய்ச்சியின் நலமே முதன்மை பெறவேண்டும் என்று எழுத்திலே விதித்தார். வணிகத்திலே செல்வம் ஈட்டிய குடும்பத்துத் தந்தையொருவர் இவ்வாறு விதிப்பது அரிதே.

பெஷெல்புரோனிலே அளவீட்டின் பயன் உடனே புலப்பட்டது. ஒரு கிணற்றின் வளைகோட்டிலே தோன்றிய மேடுபள்ளங்கள், அயற்கிணற்றிலும் அதே ஒழுங்கில், வேறோர் ஆழத்திலே தோன்றின. ஆகவே, ஒரே படை எங்கு உயர்ந்தும் எங்கு தாழ்ந்தும் கிடக்கின்றது என்பதைக் கல்லைக் கண்ணாற் காணாமலே கூறமுடிந்தது. எனினும், 1929இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது எண்ணெய்க் குழுமங்கள் எளிதில் நம்பவில்லை. முதல் முயற்சி கைவிடப்பட்டது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. வளைகோடு படையைக் காட்டியதேயன்றி, அதில் எண்ணெய் உண்டா என்ற வினாவுக்குத் திட்டமான விடை தரவில்லை.

காரணம் எளிது. மணற்கல்லின் பருக்கைகள் மின்னைக் கடத்தா. அவற்றின் இடுக்குகளிலுள்ள உவர்நீரே கடத்தும். எண்ணெய் வந்து அந்நீரை வெளியேற்றினால் தடை உயரும். ஆனால், இடுக்குகளே அற்ற இறுகிய கல்லிலும் தடை உயரும். நன்னீர் நிறைந்த கல்லிலும் உயரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லிலே நன்னீர் முடிந்து உவர்நீர் தொடங்கும் ஆழத்தை மின்தடையால் ஆராய முடிவதும் இப்பண்பினாலேயே. ஒரு விடை, காரணங்களோ பல!

1931ஆம் ஆண்டிலே புதியதோர் உதவி கிடைத்தது. மின்னோட்டம் செலுத்தாதபோதும் துளைக்குள் சிறிதளவு மின்னழுத்தம் தானாகவே தோன்றுவது கவனிக்கப்பட்டது. நீர் புகத்தக்க மணற்கல்லுக்கு எதிரே அது ஒருவாறும், களிமண் செறிந்த மாக்கல்லுக்கு எதிரே வேறொருவாறும் இருந்தது. துளையிலுள்ள சேற்றுநீரின் உப்பும் பாறைநீரின் உப்பும் அளவில் வேறுபடுவதே இதற்கு முதன்மையான காரணம். இப்பொழுது இரு வளைகோடுகளையும் அருகருகே வைத்து, எண்ணெய் புகக்கூடிய கல்லையும் புகவியலாத கல்லையும் பிரித்துணர வழி பிறந்தது. கொன்ராட் 1936இல் மறைந்தார்.

எண்ணளவிலே கணக்கிடும் வழியை 1942இல் வெளியிட்டவர் ஆர்ச்சி என்னும் அமெரிக்கர். ஷெல் எண்ணெய்க் குழுமத்திற் பணியாற்றியவர். வெட்டியெடுத்த மணற்கல் உருளைகள் பலவற்றை உவர்நீரால் நிரப்பி அளந்து, ஓர் ஒழுங்கைக் கண்டார். இடுக்குகளிலுள்ள நீர் பாதியாகி மீதியை எண்ணெய் நிரப்பினால், தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எண்ணெயே இல்லாமல் இடுக்குகளின் அளவு மாத்திரம் பாதியானாலும் தடை ஏறத்தாழ நான்கு மடங்கே! நான்கு என்ற அதே எண் ஒரு கிணற்றிலே செல்வத்தையும் மற்றொன்றிலே வெறுங்கல்லையும் குறிக்கலாம். ஆகவே, இடுக்கின் அளவை வேறு வழியால் அறியவேண்டியதாயிற்று. பாறையினூடே ஒலி செல்லும் விரைவு, நியூத்திரன்கள் தடைப்படும் அளவு, காமாக் கதிர்கள் சிதறும் அளவு ஆகியவற்றைக் கொண்டு அதனைக் கணிக்கும் கருவிகள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாய்த் துளைக்குள் இறங்கின.

மணற்கல்லுக்குப் பொருந்திய கணக்குச் சுண்ணாம்புக்கல்லிலே அவ்வளவு செம்மையாகப் பொருந்தவில்லை. அதன் இடுக்குகள் ஓரிடத்தில் ஊசிமுனை போலவும் ஓரிடத்தில் பொந்து போலவும் அமைந்து, சில ஒன்றோடொன்று தொடர்பற்றும் கிடக்கும். ஆர்ச்சியே இவ்வகைக் கற்களை அவற்றின் இடுக்குகளைக்கொண்டு வகைப்படுத்தி 1952இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய நிலப்பரப்பொன்றிலே துளையிடுவோர் இன்றும் சில இடங்களிலாவது கல்லை உருளையாக வெட்டியெடுத்து, ஆய்கூடத்தில் அளந்து, அதனோடு வளைகோட்டை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றனர்.