எல்லாரும் கறுப்பர்: 1805 ஹெய்ட்டி சாசனம்

புரட்சி என்றால் பிரான்சு, விடுதலை என்றால் அமெரிக்கா. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அடிமைகள் தாங்களே எழும்பி எசமான்களை விரட்டி ஒரு நாட்டையே உண்டாக்கிய கதையை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. 1791 ஆகஸ்டில் கரும்புத் தோட்டங்களில் பற்றிய தீ, நெப்போலியன் அனுப்பிய படையையும் தின்றுவிட்டு, 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி என்ற நாடாக வந்து நின்றது. பிரெஞ்சுக்காரன் வைத்த பேரை எறிந்துவிட்டு, மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பேரையே எடுத்துக்கொண்டார்கள்.

1805 மே 20இல் வந்தது அந்நாட்டின் முதல் அரசியல் சாசனம். அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிந்தது என்று இரண்டாவது பிரிவே சொல்லிவிடுகிறது. அமெரிக்கர்களின் முதல் சாசனத்தை (1781) இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரிமை 'சுதந்திரக் குடிகளுக்கு' மட்டும். அதிலும் பரதேசியும் நாடோடியும் கழிக்கப்பட்டார்கள். 1787இல் எழுதிய அடுத்த சாசனமோ ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணியது. உலகத்துக்கே சனநாயகம் சொல்லித் தந்தவர்களாம்!

14ஆம் பிரிவுதான் என்னை உலுக்கியது. நிற வேற்றுமை பேச்சு ஒழியட்டும், இனி ஹெய்ட்டியர் எல்லாருக்கும் 'கறுப்பர்' என்பதே பொதுப்பேர். சவுக்கடியோடு சேர்த்து வாங்கிய வசைச்சொல் ஒரு தேசத்தின் பேராகிறது. நெப்போலியன் படையோடு வந்து பக்கம் மாறிய போலந்துக்காரனும், அங்கே குடியுரிமை பெற்ற ஜெர்மானியனும்கூட சட்டப்படி கறுப்பன்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பேர் வைத்ததை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

வெள்ளையன் எவனும் எசமானாகவோ நில உடைமையாளனாகவோ இங்கே கால் வைக்கக்கூடாது என்கிறது 12ஆம் பிரிவு. இதை இனவெறி என்பார்கள். 1804இல் எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையரைத் தெசலின் கொன்று குவிக்கச் செய்தார். அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 1802இல் நெப்போலியன் குவாதலூப்பில் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அந்தப் பயம் பொய்யில்லை.

சரி, ஓட்டை எங்கே? அடிமையாயிருந்த தெசலினே பேரரசர் ஆனார். சட்டம் செய்வதும் அவர், அறிவிப்பதும் அவர். மக்கள் சபை கிடையாது. ஆலோசனைக்கு இருந்தவர்களும் தளபதிகள். நாடு ஆறு ராணுவப் பிரிவுகளாக வெட்டப்பட்டது. மகனுக்கு முடி கிடையாது என்று எழுதினார்கள், நல்ல விஷயம். ஆனால் அடுத்த ஆள் யார் என்று கைகாட்டுவதும் அவரேதான்.

நல்ல தகப்பன், நல்ல மகன், நல்ல கணவன், நல்ல போர்வீரன்: இப்படி இல்லாதவன் ஹெய்ட்டியனாக இருக்கத் தகுதியில்லை என்கிறது ஒன்பதாம் பிரிவு. பெண்? படையில் அதிகாரியாக நின்று 1802இல் பிரெஞ்சுக்காரரிடம் மரண தண்டனை பெற்ற சனித் பெலேருக்கு அந்த வரியில் இடமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை நிலம். பிரெஞ்சுக்காரன் சொத்தெல்லாம் பறிமுதலாகி அரசுக்குப் போனது. உழைத்தவன் கைக்கு வரவில்லை. சவுக்கு போனது, தோட்டம் போகவில்லை. நேற்றைய அடிமை அதே கரும்புக்காட்டில், ராணுவக் கண்காணிப்பில் வேலை செய்தான். வெள்ளை அப்பன்களின் நிலத்துக்குக் கலப்பின மகன்கள் உரிமை கேட்டு வந்தபோது தெசலின் பத்திரங்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினார். நிலமுள்ளவர்களுக்குப் பொறுக்குமா? 1806 அக்டோபர் 17இல் சொந்தப் படையாட்களே அவரைக் கொன்றார்கள். சாசனமும் அவரோடு போனது. வடக்கு ஒருவருக்கு, தெற்கு ஒருவருக்கு என்று நாடு பிளந்தது.

1825இல், பறிமுதலான அந்த நிலத்துக்கும் விடுதலையான மனிதர்களுக்கும் சேர்த்து விலை கேட்டுப் போர்க்கப்பல்களோடு பிரான்சு வந்தது. 15 கோடி பிராங்கு. 1838இல் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன் கட்டி முடிந்தது 1947இல்.